வண்டியின் மூக்கு

உள்ளிருந்து வெளியேதான் தண்ணீர் போக வேண்டும். மாற்றி விட்டால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் வராது. அமராவதி வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் துவைகல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். இடது கையில் காருடைய ஃபில்டர், வலது கையில் சொம்பு. புனல் மாதிரி ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகின அந்தச் சாமானைச் சுற்றிலும் மடிப்பு மடிப்பாகப் பருத்தித் துணி, அதற்கு மேலே மெல்லிசுக் கம்பி வலை. பாப்பாவின் பாவாடைக்குக் கொசுவம் பிடித்து வைத்த மாதிரி. இதுதான் வண்டியின் மூக்கு என்று கல்யாணமான வருசம் அவர் சொல்லித் தந்திருந்தார். என்ஜின் மூச்சு இழுப்பது இது வழியாகத்தான். கம்பெனியில் போட்டு வந்த கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டு இதைப் போட்டபோது வண்டிக்குச் சளி கரைந்த மாதிரி இருக்கிறது என்று குழந்தை கணக்காகச் சந்தோசப்பட்டார். அந்த டப்பா எப்பவோ பழைய இரும்புக்காரன் தள்ளுவண்டியில் போய்விட்டது. ஆக இருப்பது இந்த ஒரு மூக்குத்தான். இதைப் போடாமல் சாவியைத் திருப்புகிற வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. “மூக்கில்லாம ஓட்டுனா ரோட்டுப் புழுதி பூராவும் நேரா நெஞ்சுக்குப் போயிரும் அம்மணி.” சொம்புத் தண்ணீர் உள்ளே தெளிவாக இறங்கி வெளியே கலங்கலாக வழிந்தது. வால்பாறை மலைப்பாதைப் புழுதியோ, சின்னாத்துக் காட்டுப் புழுதியோ. எந்த ஞாயிற்றுக்கிழமையுடையதோ. விடிந்ததும் அவரே கழற்றிக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தார். பக்கத்தில் சிவப்பு எண்ணெய் பாட்டிலையும் வைத்தார். “நல்லா அலசி வை. காஞ்சதும் எண்ணெயும் நீயே போட்டுரு” என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. “சோத்து நேரத்துக்கு முன்னால அவிங்க வந்துருவாங்க.” அவள் “சரிங்” என்றாள். தூளியில் கிடக்கிற பாப்பாவிடம் பேசினதைக் கழித்துவிட்டால் காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்.

அவிங்க என்றால் சேலத்துக்காரர்கள் இரண்டு பேர். இந்த மாதிரி பழைய ஐரோப்பா வண்டி மேல் கிறுக்குப் பிடித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள் போல. ஒருத்தர் வண்டியின் இருமல் இன்னொருத்தருக்குப் போனிலேயே தெரிந்துவிடுகிறது. கறுப்பு ஆக்டேவியா ஆர்.எஸ்., டர்போ வைத்தது, அவளுக்கு விவரம் தெரியாத வயதில் கடல் தாண்டி வந்த வண்டி. ‘விக்கறாப்ல இருந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லோணுங்ண்ணா’ என்று சொல்லி வைத்திருந்தவனுக்கு அவர் சொல்லிவிட்டார். கம்பெனி செட்டிங்கில் இருந்தால்தான் எடுப்பானாம். அதனால் போன மாசம் பூராவும் லேத் பட்டறையைச் சாத்தினதும் வந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். உறுமுகிற சைலன்சர் இறங்கிப் பழைய சைலன்சர் ஏறியது. வண்டியைத் தரையோடு தரையாக உட்கார வைத்திருந்த ஸ்ப்ரிங்குகள் கழன்றன. தங்கக் கலர் வீல்கள் போய் வெள்ளை வீல்கள் வந்தன. நகையைக் கழற்றிவிட்டு நிற்கிற பெண் மாதிரி இப்போது வீட்டு முன்பக்கம் வண்டிச் சாளையில் நிற்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நகையோடல்லவா நிற்க வைப்பார்கள்? அவளை நிற்க வைத்தார்களே, பெரியம்மாவின் அட்டிகையைப் போட்டு. தட்டில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தது இன்னும் காதில் இருக்கிறது. எட்டாவதோடு நின்ற பெண், வாயைத் திறக்காத பெண், கொண்டுபோய் எங்கே விட்டாலும் சத்தம் வராது என்று சொல்லித்தான் தரகர் முடித்து வைத்தார். மாப்பிள்ளை திருமூர்த்திக்கு உடுமலையில் சொந்தப் பட்டறை, வெளிநாட்டுக் கார் என்று இந்தப் பக்கம் சொல்லியிருந்தார். வீடு பார்த்துவிட்டு வந்த சின்ன மாமன் ஆசாரக் கூடத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வெளிநாட்டுக் காருதான், இல்லீங்கல. நாலு காலும் செங்கல்லு மேல நிக்குது. ‘ஏனுங் மாப்ள, இது காருங்களா கட்டிலுங்களா’ன்னு கேட்டுப்போட்டன். அந்தப் பையன் மூஞ்சில சிரிப்பே வல்லையே! ‘செங்கல்ல எடுத்துட்டா எறநூறுல போற வண்டிங் மாமா’ங்கறான்.” வீடே சிரித்தது. கதவுக்குப் பின்னால் நின்ற அவள் மட்டும் சிரிக்கவில்லை. செங்கல்லின் மேல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே எறநூறு என்று சொல்கிறவர் எப்படி இருப்பார் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு மில் முதலாளி வீட்டுப் பின்னால் வருசக்கணக்காகக் கிடந்த வண்டியாம். ஒயர் பூராவும் எலி கடித்து வைத்திருந்ததாம். அதை இழுத்து வந்து உயிர் கொடுக்கிறவர் வாயில்லாத பெண்ணையும் ஒருவேளை. அதற்கு மேல் நினைக்க அப்போது வெட்கமாக இருந்தது. இப்போதும்தான்.

அடுத்த சொம்பு. இன்னும் கலங்கல். கல்யாணமாகி வந்து எத்தனையோ நாள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவரும் வாயாடி இல்லை; பேசினால் வண்டியைப் பற்றித்தான் பேசுவார், அதை அவளிடம் பேசலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சாளையிலிருந்து, “அம்மணி, கொஞ்சம் கையக் குடு” என்று குரல் வந்தது. கையா? யாராவது பார்த்தால்? போய்ப் பார்த்தால் பானெட்டைத் திறந்து வைத்து முழங்கை வரைக்கும் கிரீஸோடு நிற்கிறார். ஒரு நட்டு என்ஜினுக்குப் பின்னால் சந்தில் விழுந்துவிட்டது, அவர் கை தடித்த கை, போகாது. “உன்ற கை சின்னக் கை. வளையலக் கழட்டிரு.” புதுப் பெண் வளையலைக் கழற்றுவதா? அவள் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். அவர் உள்ளே போனார். சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிக் கொண்டுவந்து, அவள் வளையல்களையெல்லாம் முழங்கைக்கு மேல் தள்ளி, அவை கீழே இறங்காமல் அந்த ரப்பரைப் போட்டுவிட்டார். அவருடைய விரல் அவள் மேல் பட்டது அன்றைக்குத்தான் அவ்வளவு நேரம். சூடு ஆறாத என்ஜின். எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். விரல் நுனிக்கு நட்டு தட்டுப்பட்டபோது கிணற்றில் விழுந்த குடம் கொக்கியில் மாட்டின மாதிரி இருந்தது. எடுக்கிற அவசரத்தில் ஒரு பச்சை வளையல் இறங்கி உடைந்து, துண்டு உள்ளேயே போய்விட்டது. “போச்சாதுடு, அது அங்கயே இருக்கட்டும், வண்டிக்கும் ஒரு வளையலு” என்றார். அதுதான் அவர் அவளிடம் சொன்ன முதல் விளையாட்டுப் பேச்சு. அதற்கப்புறம் சந்து பொந்தெல்லாம் அவள் கைதான். ஞாயிற்றுக்கிழமை ஆழியாறில் எல்லா வண்டிக்காரர்களும் கூடுவார்கள். ஒரு பையன், “அண்ணி, ஒரு நாளைக்கு உங்க கைய வாடகைக்கு உடுங்க, எம்பட வண்டில ஒரு ஸ்பேனர் காணாமப் போயி ரெண்டு மாசமாச்சு” என்பான். அவள் காரை விட்டு இறங்காமல் கண்ணாடிக்குள்ளேயே சிரித்துக்கொள்வாள். அந்தப் பச்சைத் துண்டு இன்னும் உள்ளே எங்கேயோ இருக்கிறது. குலுங்கிக் குலுங்கி இன்னும் அடியில் போயிருக்கும். சேலத்துக்காரனுக்குத் தெரியுமா? அதையும் சேர்த்துத்தான் ஓட்டிக்கொண்டு போவான்.

இப்போது தண்ணீர் வெள்ளையாக வந்தது. உதறினாள். அடித்து உதறக் கூடாது, முறுக்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. பிள்ளைத் துணியைவிடப் பக்குவம் பார்க்கிற சாமான். வேப்ப மரத்து நிழலில் கொடிக்கம்பியில் மாட்டினாள். ஆடிக் காற்று அப்படியே பிடித்துக்கொண்டது. காற்றாலைக்காரர்கள் சும்மாவா இந்தப் பக்கமாகப் பார்த்து நட்டு வைத்திருக்கிறார்கள்? இந்தக் காற்றில் எதுவும் ஈரமாக இருக்காது. சீக்கிரம் காய்ந்துவிடும். சீக்கிரம் காயாதே, என்று சொன்னாளா, நினைத்தாளா? பாப்பாவின் துணியை எடுத்துச் சோப்புப் போட ஆரம்பித்தாள். பாப்பா வயிற்றில் இருந்தபோதே அந்தச் சத்தத்துக்குத் திரும்பும். அவர் வண்டி தெருமுனையில் கியரைக் குறைக்கும்போது குக்கர் விசில் கிளம்புவதற்கு முன்னால் முனகுமே, அந்த மாதிரி டர்போ ஒரு முனகல் முனகும். உள்ளே ஒரு உதை. வீட்டுக்கு வந்ததும் அவர் உடனே அணைக்க மாட்டார். ஓடி வந்த டர்போவைப் படக்கென்று நிறுத்தக் கூடாதாம், கொதிக்கக் கொதிக்க இருக்கிற எண்ணெய் உள்ளேயே கருகிப்போகுமாம். அதனால் வண்டியை நிறுத்திவிட்டு என்ஜினை மட்டும் ஓட விட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். “மூச்சு வாங்கட்டும்” என்பார். முதலில் அவள் கேட்டைச் சாத்திவிட்டு வாசலில் நிற்பாள். அப்புறம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு நாள் அவர் உள்ளிருந்தபடியே எட்டி இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும். வீட்டுக்குள் வாய் வராத பேச்செல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் வந்தது. என்ஜின் சத்தம் இருக்கிறதே, அது மறைப்பு மாதிரி. தப்பாகப் பேசினாலும் சத்தத்தில் போய்விடும். அம்மா வீட்டு ஏக்கம், பள்ளிக்கூடத்தில் சத்தமாகப் படிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது, நாள் தள்ளிப்போயிருப்பது, எல்லாம் அங்கேதான் சொன்னாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு அவர் அணைக்கவே மறந்து, வண்டி வெகு நேரம் மூச்சு வாங்கியது. அந்தச் சத்தம் இல்லாமல் இனிமேல் எதைச் சொல்வது? எங்கே சொல்வது?

எண்ணெய் பாட்டில் கல்லின் மேல் சிவப்பாக இருந்தது. இத்துணூண்டு பாட்டில். துணி காய்ந்ததும் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சொட்டு, ஒரே சொட்டு. அது தானாக ஊறிப் பரவ வேண்டும். அந்த எண்ணெய்தான் தூசியைப் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை அவளிடம் கொடுத்தபோது அவளுக்கு அது தெரியவில்லை. வெள்ளைத் துணி வறண்டு கிடக்கிறதே என்று சனிக்கிழமை தலைக்கு வைக்கிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றி, தேய்த்து, சொட்டச் சொட்ட வைத்துவிட்டாள். மறுநாள் மலைக்குப் போன வண்டி இருமிக்கொண்டு வந்தது. விட்டு விட்டு இழுக்கிறது, திணறுகிறது, உக்கு உக்கு என்கிறது. உள்ளே காற்றை அளக்கிற மயிரிழைக் கம்பி ஒன்று இருக்கிறதாம். அதில் எண்ணெய் படிந்தால் வண்டிக்குத் தான் எவ்வளவு மூச்சு விடுகிறோம் என்பதே மறந்துபோகுமாம். அவர் பிளக்கைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், பெட்ரோலை மோந்து பார்த்தார். கடைசியில் ஃபில்டரைக் கழற்றினால் கை முழங்கை வரைக்கும் வழிகிறது. “ஏ அம்மணி, இதுக்கு எண்ணெ தேச்சு சீயக்காய் போட மறந்துட்டயா?” என்று சிரித்தார், சிரித்தார், அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடும் வரைக்கும் சிரித்தார். மருந்து அடித்துத் துடைத்ததும் வண்டி சரியாகிவிட்டது, ஒரு கெடுதலும் இல்லை. ஒரு கெடுதலும் இல்லை. அமராவதி சோப்புப் போடுவதை நிறுத்தினாள். அன்றைக்கு மாதிரி இன்றைக்கும் தேய்த்துவிட்டால்? சேலத்துக்காரன் ஏறி உட்கார்ந்து தெருமுனை போவதற்குள் வண்டி இரும ஆரம்பிக்கும். ‘என்னங்ண்ணா, இப்படித் திணறுது’ என்பான். இறங்கிப் போய்விடுவான். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கை நெஞ்சுக்கு வந்துவிட்டது, நுரையோடு.

ஆனால் விற்கச் சொன்னதே அவள்தானே. அங்கேதான் எல்லாம் போய் மாட்டிக்கொள்கிறது. கல்யாணமானதிலிருந்து அவள் அவரிடம் இதைச் செய்யுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான், அதனால்தான் அவர் தட்டவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு வெட்டி வெட்டி இழுத்த நாள். உச்சி வெயில். மடியில் பாப்பா, கண் மேலே செருகியிருக்கிறது. வண்டி பறக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் புதிதாக ஸ்பீடு பிரேக்கர் போட்டிருந்தார்கள், வெள்ளைக் கோடு கூட அடிக்கவில்லை. ஆசைப்பட்டுத் தரையோடு இறக்கி வைத்த வண்டி. அடியில் ஒரு சத்தம், பாறையில் பானை மோதின மாதிரி. ஆயில் சேம்பர் உடைந்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே சிவப்பு விளக்கு. பின்னால் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. ஆஸ்பத்திரி போர்டு அங்கேயே தெரிகிறது, அதோ, கை நீட்டினால் தொடலாம் போல. அவர் கை சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தது. அந்தக் கை. எதற்காகத் திருப்பியது? எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் என்ஜின் போய்விடும் என்றா? பிள்ளை இழுத்துக்கொண்டிருக்கும்போது என்ஜினா? ஓட்டியிருந்தாலும் அங்கே போவதற்குள் இறுகி நடுரோட்டில் நின்றிருக்கும் என்று பிற்பாடு சொன்னார். இருக்கலாம். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்தக் கை திரும்பினது மட்டும்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாப்பா கண்ணைத் திறந்து பாலுக்கு வாயைக் குவித்தபோது, அவர் பக்கம் திரும்பாமல், “அந்த வண்டிய வித்துப்போடுங்” என்றாள். அவர் “செரி” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் கை அவள் நெஞ்சில் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. சோறு போடும்போது, பாப்பாவைத் தூக்கும்போது, திரும்பத் திரும்ப. ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது? அதற்கப்புறம் அவர் கதவைத் திறந்து இறங்கினார். எதிரில் கோழி ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது, அதற்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கோழி வேன்காரன் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து, பாப்பாவைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்தினான். ஏறினார்கள். கூண்டுகளிலிருந்து இறகு பறந்து பாப்பாவின் நெற்றியில் ஒட்டியது. வேனின் கண்ணாடியில் அவள் பார்த்தாள், பின்னால் கறுப்பு வண்டி சிறுத்துக்கொண்டே போகிறது, அதன் கதவு, அதன் கதவு சாத்தவில்லை. இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது. டீ குடிக்க இறங்கினால் கூடப் பூட்டிவிட்டு, திரும்பி வந்து ஒரு தடவை கைப்பிடியை இழுத்துப் பார்க்கிற மனுசர். சாவியை எடுக்கவே இல்லை. திருப்பின அந்தக் கை சாவியை அப்படியே விட்டுவிட்டது. பாப்பா தேறும் வரைக்கும் ஆஸ்பத்திரியில் இருந்தாரே, வண்டி என்ன ஆனது என்று ஒரு தடவை கேட்டாரா? கேட்கவில்லை. சாவியைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தக் கோழி வேன்காரன். ‘ஏனுங், யாராவது ஓட்டிட்டுப் போயிருந்தா?’ என்றான். அவர் விழித்தார், எந்த வண்டி என்கிற மாதிரி. இதை எப்படி மறந்தாள்? இவ்வளவு நாளும் சாவி திரும்பினதோடு நின்றுவிட்டாளே, விட்டுவிட்டு வந்ததைப் பார்க்காமல்.

கொடியில் ஃபில்டர் காற்றுக்கு லேசாகச் சுழன்றது. எழுந்து போய்த் தொட்டாள். மொறமொறவென்று காய்ந்திருந்தது. பாழாய்ப்போன ஆடிக் காற்று. துணியெல்லாம் வெளுத்து, பிறந்த பிள்ளைக்கு வைத்திருக்கிற துணி மாதிரி சுத்தமாக இருந்தது. கொண்டுவந்து கல்லில் உட்கார்ந்து பாட்டில் மூடியைத் திருகினாள். கூர்மையான ஒரு வாசனை, மண்ணெண்ணெயும் இல்லை, பெட்ரோலும் இல்லை. கவிழ்த்தால் போதும், உள்ளங்கை நிறைய. வண்டி இருமும். பட்டறைக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், சேலத்துக்காரர்கள் எல்லார் முன்னாலும் உக்கு உக்கு என்று இருமும். அவள் அட்டிகை போட்டுக்கொண்டு நின்றபோது பாட்டுப் பாடச் சொன்னார்கள். தொண்டையில் ஒன்றும் வராமல் ஒரு இருமல் மட்டும் வந்தது, யாரோ சிரித்தார்கள். வந்தவர்கள் முன்னால் அந்த மாதிரி இதை நிற்க வைப்பதா? அவர் கை பட்டுப் பட்டு இழைத்து வைத்த வண்டியை? அதுவும் அவள் கையால்? மூடியைத் திருகி இறுக்கினாள். அப்போதுதான் கை நின்றது. எதற்காக இந்தப் பாட்டில் அவளிடம் இருக்கிறது? அன்றைக்கு அந்தக் கூத்து நடந்ததற்கப்புறம் அவர் இந்தப் பாட்டிலை அவளிடம் கொடுத்ததே இல்லை. கழுவுவது அவள், எண்ணெய் போடுவது அவர். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக. அலமாரியில் மேல் தட்டில், பாப்பாவுக்கும் எட்டாமல் அவளுக்கும் எட்டாமல் வைத்திருப்பார். போன தடவை கூட, “நீ தொட்றாத, உனக்குக் கை தாராளம்” என்று சிரித்தார். இன்றைக்கு, வேறு எந்த நாளும் இல்லாமல் இன்றைக்கு, வண்டி வாங்குகிறவன் வரப்போகிற நாளில், எடுத்துக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாரே. எண்ணெயும் நீயே போட்டுரு. மறந்தா கொடுத்தார்? சைக்கிள் டியூப் வளையத்தை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிற ஆள் மறப்பாரா? விற்க மனசில்லை என்று அவருக்கும் சொல்ல வாய் வரவில்லை. என்ஜின் ஓடவில்லையே, எந்தச் சத்தத்தில் சொல்வார். அமராவதிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். முன்பக்கம் ஒரு கார் வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம், “வணக்கங்ண்ணா, வழியெல்லாம் காத்து ஆளத் தூக்குது” என்று ஒரு குரல், செருப்புச் சத்தம், அவர் சாளைக் கதவைத் தள்ளுகிற சத்தம். பானெட்டைத் தூக்குவார். அங்கே மூக்கு இருக்கிற இடம் காலியாக இருக்கும். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர், பாப்பாவின் துணியை அலசப் பிடித்து வைத்தது. காய்ந்து மொறமொறத்த ஃபில்டரை இரண்டு கையாலும் பிடித்து, பாப்பாவைக் குளிக்க இறக்குகிற மாதிரி மெதுவாக, அடி வரைக்கும் உள்ளே இறக்கினாள். குமிழ் குமிழாக மூச்சு மேலே வந்தது. “அம்மணீ!” முன்பக்கத்திலிருந்து அவர் குரல். “ஃபில்டரு ஆச்சா? கொண்டா, அவிங்க வந்துட்டாங்க!” அவள் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், சேலை முந்தானையெல்லாம் நனைந்தது, தூளியில் பாப்பா சிணுங்கியது, பொடக்காலிக் கதவைத் தாண்டி, ஆசாரத்தைத் தாண்டி, வேற்று ஆள் இருக்கிற வாசலுக்கு ஒரு நாளும் தன் குரலை அனுப்பாதவள், பள்ளிக்கூடத்தில் சத்தமாகப் படிக்கச் சொன்னபோது வராத குரலை இன்றைக்கு உள்ளிருந்து இழுத்து, சேலத்துக்காரர்களுக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி, “இன்னும் காயலீங்! இன்னிக்கிக் காயறாப்ல இல்லீங், நாளைக்கும் காயாதுங், அவிங்கள ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு வந்த வழியே போகச் சொல்லுங்!” என்றாள்.